இரண்டு நிமிடப் பேச்சு

ஆங்கிலத் தேர்வுக்கு இப்போதெல்லாம் ஹால் கிடையாது. கழுத்தில் ஒரு கருவியை மாட்டிவிடுவார்கள். ஒரு வாரத்துக்குள் அது எப்போது கேட்டாலும் பேச வேண்டும். தேறினால் சுடலைமுத்துவுக்கு நியூசிலாந்தில் கட்டட வேலை உறுதி.

கான்கிரீட் தளம் போட்டுக்கொண்டிருக்கும்போது கருவி கூப்பிட்டது. பேச்சுத் தேர்வு, இரண்டாம் பகுதி. சொந்த ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும்.

தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. கலவைச் சட்டியைக் கைமாற்றியபடியே பேசினான். ஒரு மாதமாக அவன் ஒப்பித்ததில், சட்டி கைமாற்றும் வரிசைக்கே அந்தப் பேச்சு மனப்பாடம்.

ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. சட்டி வரிசையில் பாடுகிற ஆளுக்கு மூச்சு முட்டினால் அடுத்த ஆள் பாட்டை எடுப்பதுதான் வழக்கம். அடுத்து நின்ற இசக்கியம்மாள் அவன் விட்ட இடத்தில் ஆங்கிலத்தை எடுத்து, கடைசிவரை கொண்டுபோய் முடித்தாள். கைதட்ட யாருக்கும் கை காலியில்லை, விசில் பறந்தது.

"வேறு குரல். தேர்வு ரத்து" என்றது கருவி. "இரண்டாவது குரலுக்கு ஒன்பதுக்கு எட்டு மதிப்பெண். வேலைக்கு விண்ணப்பிக்கலாம்."

"போச்சேக்கா! இனி ஆறு மாசம் காத்துக் கெடக்கணும்."

"மூச்சு வாங்குனா எடுக்கத்தானல செய்வோம்?" என்றவள், அடுத்த சட்டியை அவன் கையில் திணித்தாள். "ஏலே, அந்த ஊருக்குப் பொம்பளையாளும் எடுப்பாவளா?"