விடுபட்ட ஒரு சான்றிதழ்

அப்பாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, மரிவிக் கைகளைக் கோத்தபடி நின்றாள். வெள்ளை மாலுமி உடுப்பில் முப்பது வயது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மரிவிக்குக்கு இப்போது நாற்பத்து நான்கு. அப்பாவைவிட அவள்தான் மூத்தவள்.

"எல்லாம் அனுப்பியாச்சுப்பா. உங்க காகிதம் ஒண்ணுதான் பாக்கி" என்று படத்திடம் முணுமுணுத்தாள்.

அவளுக்கு ஏழு வயதானபோது, சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன அப்பா கடலோடு போய்விட்டார். பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கத்துக் கடற்கரை ஊரில் கருவாடு விற்று அவளை வளர்த்தவள் அம்மா லூசிங். அந்த அம்மாவைக் கனடாவில் தான் இருக்கும் வின்னிபெக்குக்கே நிரந்தரமாக வரவழைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆறு வருஷம் அரசாங்கக் குடியேற்றக் குலுக்கலில் பெயர் வரக் காத்திருந்தாள் மரிவிக். போன வருஷம்தான் வந்தது. படிவங்களை அவளே நிரப்பினாள். அம்மா கையெழுத்து மட்டும் போட்டாள்.

இப்போது குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம். 'விதவை' என்று எழுதியிருக்கிறீர்கள், கணவரின் இறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. அறுபது நாளுக்குள் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று அதில் இருந்தது. ஐம்பது நாள் ஓடிவிட்டது.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கி அனுப்பிய அம்மா, இது ஒன்றுக்கு மட்டும் ஏதேதோ சொன்னாள். முதலில், புயலில் பழைய பதிவேடெல்லாம் போய்விட்டதாம். அப்புறம் குமாஸ்தா விடுமுறையாம். அப்புறம் முழங்கால் வலி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் கூடத்தில் காப்பி குடிக்கும்போது ஆளாளுக்கு மரிவிக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வருகிறாள், மாடியேற முடியாதென்று கீழ் அறைக்கு வண்ணம்கூட அடித்தாயிற்று என்று எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருந்தவள் அவள்தான். எப்போது வருகிறார்கள் என்று கேட்டதும், டிக்கெட் போட்டாயிற்று என்று வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. எல்லோரும் சேர்ந்தே விமான நிலையத்துக்குப் போகலாம் என்றார்கள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தவளுக்கு, அந்தக் குளிரிலும் முகம் எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"உனக்கு இங்க வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடும்மா. நான் ஊர் பூரா சொல்லிட்டு அசிங்கப்பட்டு நிக்கிறேன்."

"இஷ்டமில்லாம என்ன மகளே..."

"கல்லறைத் திருநாளுக்கு செத்த சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம மெழுகுவத்தி ஏத்துவ. அப்பாவுக்கு ஒண்ணு ஏத்தி நான் பார்த்ததில்ல. கேட்டா, கல்லறை இல்லையேன்னுவ. அவர் மேல பாசம் இருந்திருந்தா இந்தக் காகிதத்துக்கு இவ்வளவு நாளா ஆகும்?"

அம்மா இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் ரோதெல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தேழு வருஷம் ஒண்டியாக இருந்த பொம்பளையிடம் சொல்கிற வார்த்தையா இது என்று மட்டும் கேட்டான். மரிவிக் தலையைக் குனிந்துகொண்டாள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்துப்போன அம்மாவின் விரல்கள் கண்முன் வந்தன.

மறுநாளெல்லாம் அழைத்துப் பார்த்தாள். அம்மா எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டுக்கொண்டு, முதல் படகில் எதிர்த் தீவுக்குப் போனாள், என்ன விஷயமென்று சொல்லவில்லை என்றாள் அவள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அம்மா எந்தெந்த அலுவலகப் படியேறுகிறாளோ என்று நினைத்தபோது, மரிவிக்குக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வீடியோ அழைப்பு வந்தது. அம்மாதான். உட்கார்ந்திருந்தது யார் வீட்டிலோ. பின்னால் சுவரில் யாருடைய கல்யாணப் படமோ, பேரப்பிள்ளைகள் படமோ மாட்டியிருந்தது.

"அம்மா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடும்மா" என்றாள் மரிவிக். "காகிதம் கிடைக்கலன்னா போகட்டும். கடல்ல செத்தவருக்குக் காகிதம் ஏதுன்னு நானே எழுதி அனுப்பிடறேன்."

"அப்படி எழுதிடாத மகளே." அம்மா நிமிரவேயில்லை. "நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்காத. எனக்குத்தான் உன் முகத்தப் பார்க்க வெக்கமா இருக்கு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மா போனை யாரிடமோ நீட்டினாள். கூரை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, பிறகு நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு கிழவரின் முகத்தில் படம் நின்றது. எழுபது வயதிருக்கும். உள்ளேயிருந்து ஒரு பெண் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஒரு கணம் மரிவிக்கைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னோட இறப்புச் சான்றிதழத்தான் கேட்டியாமே, மகளே."