வெறும் வயிற்றோடு வந்தவள்

"பேரு மாறிப்போச்சும்மா. என்னோடது இவளுக்கு, இவளோடது எனக்கு."

ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இரண்டையும் லேப் பெண்ணின் மேசையில் போட்டார் அவர்.

ஒன்றில் கெட்ட கொழுப்பு அளவுக்குள் இருந்தது. மற்றதில் இருநூற்றைத் தாண்டி நின்றது. நல்ல தாள், தொப்பை முன்னால் போக ஆள் பின்னால் வரும் அவருக்கு. கெட்டது, முருங்கைக்காய் மாதிரி இருக்கும் அவர் மனைவி துளசிமணிக்கு.

எந்தக் கிறுக்கன் நம்புவான்?

கொழுப்பு அவருடைய சொத்து. மூன்று வருடமாக வீட்டில் அதுதான் பேச்சு. மாத்திரை அவருக்கு. எண்ணெய் காட்டாத பொரியல் அவருக்கு. தும்மினால்கூட மகள் போனில் அழுவது அவருக்கு.

ரத்தம் எடுத்த அன்றைக்குத் துளசிமணி சும்மா துணைக்கு வந்தவள். வீட்டுக்காரர் சாப்பிடாமல் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கமாட்டாள். அதனால் அவளும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப உங்களுக்கும் எடுத்தரலாங்க்கா" என்று லேப் பெண்தான் ஊசியைப் பிரித்தாள்.

இப்போது அந்தப் பெண் வாதாடவில்லை. மறுநாள் வரச்சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தாள்.

அதேதான் வந்தது.

லேப்பே சரியில்லை என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கோபமெல்லாம் இல்லை. பயம்.

டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டுத் துளசிமணியிடம் திரும்பினார்.

"உங்க பொறந்த வீட்ல யாருக்காச்சும் நெஞ்சுவலி வந்திருக்கா?"

"அவளுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒல்லியா இருக்கறவளுக்கு ஏதுங்க கொழுப்பு?" என்றார் அவர்.

"ஒல்லியா இருந்தாலும் வருமுங்க. பரம்பரையா வரும். அவங்க சொல்லட்டும்."

"எங்கண்ணன் நாப்பது வயசுலயே போயிட்டாருங்க" என்றாள் துளசிமணி. "தூக்கத்துலயே."

"உங்களுக்கு?"

"மாடி ஏறுனா நெஞ்சப் புடிக்குமுங்க. நின்னா சரியாப்போயிரும். வாயுன்னு பெருங்காயத்தண்ணி குடிச்சுக்குவேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே, புள்ள?"

"உங்களுக்குத்தானுங்க எல்லாரும் பயந்துக்கிட்டு இருந்தோம்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

உடனே ஈசிஜி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனை எடுத்தார்.

அதற்குள் துளசிமணி எழுந்துவிட்டாள். ஈசிஜி அறை மேலே என்பது அவளுக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு எத்தனை தடவை வந்திருக்கிறாள். கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து மாடியின் முதல் படியில் கால் வைக்கப் போனாள்.

அவர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு.

மேலே போகிறவர்கள் நின்றார்கள். கீழே வருகிறவர்களும் நின்றார்கள்.

"தள்ளுங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

பார்க்கட்டும் என்று நின்றார்.