சம்பந்தியின் முதுகு

பாறையில் மஞ்சள் பெயின்ட்டில் ஓர் அம்பு. இடது பக்கம் காட்டியது.

சம்பந்தி வலது பக்கம் திரும்பினார்.

பின்னால் வந்தவர் அம்பைப் பார்த்தார். முன்னே போகும் முதுகைப் பார்த்தார்.

பெண்ணைப் பெற்றவர். முதுகின் பின்னால் போனார்.

உப்பு சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்து ஒன்பது நாள்தான் ஆகிறது. நிச்சயதார்த்தம் வருகிற வெள்ளி. இந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், நீங்கள் தப்பான வழியில் போகிறீர்கள் என்று யாராவது சொல்வார்களா?

இரண்டு குடும்பமும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்றுதான் இந்த மலை. ஏறியது இரண்டு அப்பாக்களும் மாப்பிள்ளை தரணீஷும். பெண்கள் கீழே விடுதியில் தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு விவரம் உண்டு.

சம்பந்தி சென்னியப்பன் ஓய்வு பெற்ற பொறியாளர். ஓய்வு பெற்றது அவருக்கு இன்னும் தெரியவில்லை. காலையில் அடிவாரத்தில் மலைக்காரர் ஒருவர், "வழி காட்ட வரட்டுங்களா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷம் ரோடு போட்டவன் நான். எனக்கு நீ வழி காட்டறயா?"

மலைக்காரர் அவருடைய புது ஷூவைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். மடக்கி நீட்டும் கோலைப் பார்த்தார். ஒதுங்கிக்கொண்டார்.

போக வர நாலு மணி நேரம் என்பது சம்பந்தியின் மதிப்பீடு.

இப்போது ஆறாவது மணி நேரம். இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பாதை ஒற்றையடி ஆயிற்று. அப்புறம் ஆடு போகிற தடம். அப்புறம் ஆடுகூடப் போகாது.

தண்ணீர் தீர்ந்தது. முள் கிழித்தது. அவருக்கு இடது முழங்கால் தனியாகத் துடித்தது. சொல்லவில்லை. பெண் வீட்டார் முதலில் உட்கார முடியாது.

சம்பந்தி பேசிக்கொண்டே ஏறினார். எந்த மலைச்சாலையில் எத்தனை வளைவு, எந்த மந்திரி எந்த வளைவில் வாந்தி எடுத்தார். மூச்சு வாங்க வாங்க மந்திரிகள் குறைந்தார்கள். கடைசியில் பேச்சே நின்றது.

அப்போதுதான் பின்னால் வந்தவருக்குப் பயம் வந்தது.

மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை.

பாறை விளிம்பு. பாசி. கீழே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம். நடுவில் ஒரு பிளவு. அதன்மேல் யாரோ என்றோ போட்டுவைத்த பலகைக்கல்.

"இதைத் தாண்டுனா ரோடுதான்," என்றார் சம்பந்தி. வலது காலைக் கல்லில் வைத்தார்.

கல் ஆடியது.

ஒரு பிடி மண் உதிர்ந்து மேகத்துக்குள் போயிற்று.

மாப்பிள்ளை தரணீஷ் அப்பாவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். அவன் கண் கல்லின்மேல்தான் இருந்தது. வாய் திறந்தது.

மூடிக்கொண்டது.

சம்பந்தியின் இடது கால் தரையை விட்டு எழுந்தது.

"டேய். நில்றா."

சொன்னது தான்தான் என்று பெண்ணின் அப்பாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

கால் அந்தரத்தில் நின்றது. திரும்பி வந்தது. பாரம் விலகிய கல், அவசரமே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது. விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று.

சென்னியப்பன் பாசியிலேயே உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரை 'டேய்' என்று கூப்பிட்டு நாற்பது வருஷமாவது இருக்கும்.

நிச்சயதார்த்தம் போயிற்று. மனைவியிடம் என்ன சொல்வது என்று 'டேய்' சொன்னவர் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி," என்றார் சென்னியப்பன், தரையைப் பார்த்தபடி. "நீங்க முன்னால போங்க."

முன்னால் நடக்கத் தெரிந்துதான் இருந்தது அவருக்கு. முள்ளில் தொங்கிய நூல், மிதிபட்ட புல், காலையில் சறுக்கிய இடம். இறங்க இறங்க மேகம் மேலே தங்கியது. வெளிச்சம் போவதற்குள் அம்புப் பாறைக்கு வந்துவிட்டார்கள்.

சென்னியப்பன் அம்பை நின்று பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"இது காலையில இல்லீங்களே."

"இருக்காதுங்க," என்றார் அவர்.

சென்னியப்பன் கோலை ஊன்றி முன்னே போனார். குரல் திரும்பிவிட்டது. மலைப்பாதைக்கு அம்பு போடுவதில் உள்ள குறைபாடுகளைப் பற்றி மரங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

தரணீஷ் பின்தங்கி மாமனார் பக்கத்தில் வந்தான். காதோடு சொன்னான்.

"காலையில அம்பை நானும் பாத்தனுங்க மாமா. அப்பாகிட்டப் போயி எப்படிச் சொல்றது?"

சிரித்தான். ஒரே முதலாளியின் கடையில் வேலை பார்ப்பவனிடம் சொல்வதுபோல.

அவருக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும்தான் பார்த்தார். அவரும்தான் சொல்லவில்லை.

"கல்லு ஆடுனதையுமா மாப்பிள்ளை?"

தரணீஷ் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டான். பிறகு, "அப்பா கூப்பிடறாருங்க," என்று சொல்லி வேகமாக இறங்கினான்.

யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த திருப்பத்தில் சிக்னல் வந்தது. போன் அடித்தது. மகள்.

அவர் உடனே எடுக்கவில்லை. கீழே இரண்டு முதுகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களுக்குள் மறையும்வரை நின்றார்.

"நல்லாத்தான் இருக்கறோம் கண்ணு," என்றார். "பக்கத்துல யாராவது இருக்காங்களா? அம்மாவும் வேண்டாம். நீ மட்டும் கொஞ்சம் வெளிய வா."