பிப்ரவரி மாதத்துக் காடு

“தம்பி, இந்தக் காடு எந்த ஊருல இருக்கு?”

கையில் சுருட்டி வைத்திருந்த காலண்டர் தாளை அந்த அம்மா மேஜைமேல் விரித்தார். பிப்ரவரி மாதத் தாள். தேதிகளுக்கு மேலே, சிவப்பும் மஞ்சளுமாக இலை உதிர்ந்து கிடக்கும் காடு.

மணிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் எடுத்த படம்தான் அது. கல்யாணத்திலும் காதுகுத்திலும் பந்தி பந்தியாகப் படம் எடுத்துக் காலம் தள்ளுகிறவனைத் தேடி, ஒரே ஒரு படத்துக்காக ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை. பெயர் சொர்ணலட்சுமியாம். வீடு விருதுநகரில். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்த அவன் பெயரை வைத்துக்கொண்டு, சிவகாசி முழுக்க விசாரித்து ஸ்டுடியோவைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“இதையே பாத்துக்கிட்டு இருந்தா நேரம் போறதே தெரியல. உள்ள நடந்தா எலைச் சத்தம் கேக்குமா தம்பி?”

“கேக்கும்மா. அப்பளம் நொறுங்குற மாதிரி.”

சொல்லும்போதே மணிமுத்து அங்கே போய்விட்டான். ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சின்னத் தோப்பு. தேக்கும் வாதாமரமும் கலந்து நிற்கும். மாசி பிறக்கிற சமயத்தில் வாதா இலை செக்கச் செவேலென்று ஆகிவிடும். தேக்கு இலை பழுத்து விழும். போன வருடம் வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டிக்கொண்டு அந்தச் சருகுக்குள் குப்புறப் படுத்துவிட்டான். அந்த லென்ஸ் ஒரு மாயக்காரி. மூக்குக்கு முன்னால் கிடந்த ஒற்றை இலை தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. இரண்டு பக்கத்து மரங்களும் குனிந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தன. பக்கத்தில் இருந்த வேலி எங்கோ தூரத்துப் பனிக்குள் கரைந்து போனது. கொஞ்சம் நடந்தால் முடிந்துவிடுகிற தோப்பு, முடிவே இல்லாத காடாகிவிட்டது. பட்டாசுச் சத்தமோ பஸ் சத்தமோ கேட்காத அந்தக் காலையில், தான் சிவகாசிக்காரன் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

உண்மை வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் காலண்டர் கம்பெனி முதலாளியின் முகம் குறுக்கே வந்துவிட்டது. உள்ளூர்த் தோப்பு என்று தெரிந்தால் ஒரு கடைக்காரனும் ஆர்டர் கொடுக்க மாட்டான், வெளிநாடு என்றே இருக்கட்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த வருடக் காலண்டரில் பன்னிரண்டு தாளும் இந்தக் காடுதான், பன்னிரண்டும் அவன் படம்தான். ஆடிப்பெருக்கன்று, கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்காக வெளியாகும் மாதிரி ஆல்பத்தில் அவை இருக்க வேண்டும். நாளை விடியற்காலை தோப்புக்குப் போவதற்காகத்தான் லென்ஸைத் துடைத்து வைத்திருந்தான். பந்தியிலிருந்து தப்பிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

“ஜப்பான்மா” என்றான்.

“நெசமாவா? நம்ம பக்கமா இருக்குமோன்னு நெனச்சேன்.”

“நம்ம பக்கமா? இங்கன கருவேல முள்ளுதாம்மா இருக்கு. இம்புட்டு அழகுக்கு நாம எங்க போக?”

அவர் முகம் வாடியது. நேரில் போய் எடுத்ததுதானா என்று மறுபடி கேட்டார். மணிமுத்து விமானம், குளிர், பாஷை தெரியாமல் பட்ட பாடு என்று அளந்துவிட்டான். பொய் என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்? அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தாளை மெதுவாகச் சுருட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். பாவம், ஜப்பானுக்குப் போக வசதியில்லை போலிருக்கிறது என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பைக்கில் புறப்பட்டான். வழியெல்லாம் படங்கள் கண்ணுக்குள் ஓடின. இலை பாதி வழியில் மிதப்பது போல் ஒன்று. அண்ணாந்து படுத்து உச்சிக் கிளைகளைப் பார்ப்பது போல் ஒன்று. பனி விலகும்போது ஒன்று. ஆனைக்குட்டம் தாண்டித் திரும்பியதும் ஏதோ உறுத்தியது. எப்போதும் இருட்டு தேங்கி நிற்கும் இடத்தில், வானம் தரைவரைக்கும் தெரிந்தது.

தோப்பு இல்லை. வெட்டுப்பட்ட அடிமரங்களின்மேல் சிவப்பு இலைகள் கிடந்தன. மிஷின் ரம்பத்தோடு வந்திருந்த ஆட்கள், ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து முடித்துக் கடைசி லோடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணிமுத்து பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். சொந்த வீடு இடிந்தது போல அழுகை வந்தது. லாரிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், ஏன் வெட்டினீர்கள் என்று மட்டும் கேட்டான்.

“பட்டாசுக் கம்பெனிக்குக் குடோன் கட்டப் போறாக தம்பி. தோப்புக்கார அம்மா சொர்ணலட்சுமிதான் இம்புட்டு நாளா விடல. ‘காலண்டர்ல வந்துருக்கது என் தோப்பு, இதைப் போயி வெட்டுறதா’ன்னு வீட்டுக்காரரோட ஒரே சண்டை. நேத்து, படம் எடுத்தவன்கிட்டயே கேட்டுட்டு வந்தாக. அது ஜப்பானாம்ல? ‘எனக்குத்தான் கிறுக்கு, வெட்டுங்க’ன்னு சொல்லிட்டாக.”