காலி அட்டவணை

‘அப்ரூவ்’ பொத்தானுக்கு மேலே அம்புக்குறியை நிறுத்திவிட்டு டெனிசன் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

திரையில் இருபத்தெட்டு வரி நிரல். அத்தனையும் சிவப்பு. சிவப்பென்றால் நீக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அவன் அழுத்தினால் போய்விடும்.

“டெனிசன், எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட்டிங்,” என்றார் ஸௌந்தரராஜன்.

ஸௌந்தரராஜன் ஒரகடம் அலுவலகத்துக்குத் தலைவராக வந்து மூன்று மாதம். விசிட்டிங் கார்டில் பதவியின் பெயர் மூன்று வரிக்கு ஓடும். மூன்றாவது வரியில் ‘உருமாற்றம்’ என்று வருவதால் வாரத்துக்கு ஒன்றையாவது உருமாற்றியாக வேண்டும் அவருக்கு. கேன்டீன் தட்டை மாற்றினார். கம்பெனி பஸ் ரூட்டை மாற்றினார். இந்த வாரம் மெமரி.

கார் பெயின்டில் கீறல் பார்க்கும் கேமரா பெட்டிகள்தான் கம்பெனியின் சரக்கு. பெட்டிக்குள் ஓடும் இயங்குதளம் இங்கேயே எழுதியது. அது நினைவகத்தைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து, எது எங்கே என்று ஓர் அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். ஐந்நூற்றுப் பன்னிரண்டு சின்னப் பக்கங்களைச் சேர்த்து ஒரே பெரிய பக்கமாக்கிவிட்டால், அட்டவணையில் அத்தனை வரிக்கும் பதிலாக ஒரே வரி போதும். பெட்டி சட்டென்று தேடி எடுக்கும். பழைய அட்டவணைக்கு வேலை இல்லை.

வேலை இல்லாத அந்த அட்டவணையைத் தூக்கிப் போடாமல், காலியாகவே ஒதுக்கி வைத்திருக்கும் நிரல்தான் இந்த இருபத்தெட்டு வரி.

ஷாலின் எழுதியது. 2013.

அப்போது இந்தக் கண்ணாடிக் கட்டடம் இல்லை. தகரம் போட்ட ஷெட். மத்தியானம் கரண்ட் போனால் அவளும் டெனிசனும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே புங்க மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பேட்டரி தீரும்வரை சண்டை. லாரி கிளப்பிய தூசி கீபோர்டில் படியும். அவள் துப்பட்டா நுனியால் அவனுடையதையும் சேர்த்துத் துடைப்பாள், சண்டையை நிறுத்தாமல்.

“சேக்கசொல்ல எல்லாம் தாராளமா இருக்கும் டெனி. பிரிக்கணும்னு வரசொல்லதான் கைல ஒண்ணும் இருக்காது. அப்போ போய் டேபிளுக்கு எடம் எங்க தேடுவ?”

“கல்யாண மண்டபம் புக் பண்ணசொல்லவே வக்கீலையும் பாத்து வெச்சுப்பியா நீ?”

அவள் சிரித்தாள். அந்த வரிகளை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் மணிமங்கலத்தில் அவர்களுக்குக் கல்யாணம்.

ஸௌந்தரராஜன் நாற்பத்தோராவது ஸ்லைடுக்கு வந்திருந்தார். காலி அட்டவணைகளை ஒழித்தால் பெட்டி ஒன்றுக்கு நாலு எம்பி மிச்சம். அதைச் சொல்ல வந்த ஸ்லைடு கோப்பு மட்டும் பதினெட்டு எம்பி.

“எழுபத்திரண்டு மணி நேரம் டெஸ்ட் ஓட்டியாச்சு. ஒரு தடவைகூட அந்த டேபிள் தேவைப்படல.”

டெஸ்ட் ஓடிய மெஷினில் அறுபத்து நாலு ஜிபி. தொழிற்சாலையில் நிற்கும் பெட்டியில் இரண்டு. விருந்துப் பந்தியில் உட்கார்ந்து பட்டினியை ஆராய்ந்திருக்கிறார்கள்.

டெனிசன் அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தான். இடத்துக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் பெரிய பக்கத்தைப் பிரிக்க வேண்டி வரும். அந்த நேரத்தில் புது அட்டவணைக்கு இடம் கிடைக்காது. பெட்டி அப்படியே நிற்கும், கூடவே தொழிற்சாலையின் உற்பத்தி லைனும் நிற்கும்.

ஸௌந்தரராஜன் இதற்காகவே காத்திருந்தவர் போல அடுத்த ஸ்லைடைத் தட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிவ்யூ. ஷாலினின் நிரலுக்குக் கீழே ஒருவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: பிரிப்பதற்கென்று முன்கூட்டியே இடம் ஒதுக்குவது வீண், தேவையில்லாத பயம்.

எழுதியவன் பெயர் டெனிசன்.

அதை டைப் செய்தபோது ஷாலின் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். ‘அன்நெசஸரி’க்கு எத்தனை ‘எஸ்’ என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

“உங்க வார்த்தைதான் டெனிசன், நான் ஒண்ணும் புதுசா சொல்லல,” என்றார் ஸௌந்தரராஜன். “இந்த ஷாலின் இப்போ நம்ம டீம்ல இருக்காங்களா?”

மேஜையைச் சுற்றியிருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

“இல்ல சார்.”

அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. தலைமை ஆர்க்கிடெக்ட் பதவிக்கு டெனிசனின் பெயர், கையெழுத்து மட்டும் பாக்கி. அதை அவர் நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பேனாவை அதன்மேல் வைத்திருந்தார்.

டெனிசன் அம்புக்குறியை நகர்த்தி ‘ரிஜெக்ட்’டை அழுத்தினான்.

பேனா சட்டைப் பைக்குத் திரும்பியது.

டெஸ்டிங் அம்சவல்லி அவனை லிப்ட் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். “இன்னாண்ணா நீங்க, அன்னிக்கு வேணாம்னு எழுதனதும் நீங்கதான், இன்னிக்கு பதவிய வுட்டுட்டு வேணும்னு நிக்கறதும் நீங்கதான். நடுவுல இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல,” என்றுவிட்டு அவன் பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.

நடுவில் ஆனது போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். படப்பையில் இரண்டு பேரும் குடியிருந்த ஷாலினின் வீட்டு வாசலில், தன் இரண்டு துணிப் பெட்டிகளோடு அவன் நின்றுகொண்டிருந்தான். சண்டையெல்லாம் முடிந்திருந்தது. கோர்ட்டில் போட வேண்டிய கையெழுத்தும் முடிந்திருந்தது. எங்கே போவது என்பதை மட்டும் அவன் யோசித்திருக்கவில்லை.

அவள் உள்ளே போய் ஒரு சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் மண்ணூரில் அவள் தங்கியிருந்த வாடகை அறையின் சாவி. கல்யாணத்தன்றே அதைக் காலி செய்துவிட்டாள் என்றுதான் பத்து வருஷமாக அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

ஆட்டோ பிடித்துப் போனான். பூட்டு முதல் திருகிலேயே திறந்தது. உள்ளே யாரோ பெருக்கி வைத்திருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது.