இரண்டு டிக்

"அணைச்சுடாதடா. நடுவுல கரண்ட் போச்சுன்னா, இந்த டப்பா கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆகும்" என்றான் விமல்ராஜ்.

பழைய சாமான் கடையில் வாங்கிய ரவுட்டர். அதிலிருந்த மென்பொருளை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றிக்கொண்டிருந்தான் மாறன். வீட்டு நெட்டைப் பத்திரப்படுத்தினால்தான் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"பேரு, பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்து. பழசு ஊருக்கே தெரியும். பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றவங்க வாசல்ல உட்கார்ந்தா, உங்க அத்தை தண்ணியோட பாஸ்வேர்டையும் குடுத்துடறாங்க."

"கேட்டா இல்லைன்னா சொல்ல முடியும், விமலு?" என்றபடி வந்தாள் மாறனின் மாமியார் பாஞ்சாலை. விமல்ராஜுக்குப் பால் காபி, மாறனுக்குச் சுக்குக் காபி. வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மாறன் சாமி அலமாரியைப் பார்த்தான். மனைவி ஓவியாவின் போன் அங்கே இருந்தது. மகள் இறந்த நாளிலிருந்து, விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல, அத்தைதான் அதற்குச் சார்ஜ் போட்டுவந்தாள். அதைத் திறக்கும் எண் மாறனுக்குத் தெரியாது. சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது; வீட்டு நெட்டின் பழைய பாஸ்வேர்டு மட்டும் அதற்குள் பதிந்து கிடந்தது.

தினமும் அந்தப் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவான். யாரிடமும் சொன்னதில்லை. இன்று காலை அனுப்பியது: 'தலைவலி.'

இரண்டு டிக் விழும். அவ்வளவுதான். படித்தது தெரியக் கூடாதென்று நீல டிக்கை நிறுத்தி வைத்திருந்தவள் ஓவியா. உயிரோடு இருந்தபோதும் அவனுக்குச் சாம்பல் டிக்தான். அதில் ஒன்றும் மாறவில்லை.

விமல்ராஜ் அவன் பார்வை போன இடத்தைக் கவனித்தான். "வேணும்னா, அந்த போனுக்காகப் பழைய பேரு, பாஸ்வேர்டுலயே தனியா ஒரு நெட் விட்டு வைக்கலாம்டா."

"வேணாம். எத்தனை நாளைக்கு."

புது ரவுட்டரில் பச்சை விளக்கு நின்று எரிந்தது. மாறன் தன் போனை எடுத்து, கடைசியாக ஒருமுறை தட்டினான். 'இனிமே உனக்கு எதுவும் வராது. மதியம் சாப்பிடலை. அத்தைகிட்ட சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்.'

இரண்டு டிக். பழைய ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான்.

விமல்ராஜ் கிளம்பிப் போனான். மாறன் பிடுங்கிய வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அத்தை எதிரே வந்து நின்றாள். ஒரு கையில் தோசைத் தட்டு. இன்னொரு கையில் ஓவியாவின் போன், பூட்டுத் திறந்து, வெளிச்சமாக.

"புது பாஸ்வேர்டைச் சொல்லுங்க மாப்ள. இல்லைன்னா, நாளைக்கு நீங்க சாப்ட்டீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"