பாதியில் நின்ற வேலை

மெக்கானிக் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார். மாநகராட்சி அதிகாரி மசியவில்லை.

“தொழிற்பேட்டையா இருந்தாலும் வீடுகளை ஒட்டி ரிப்பேர் ஷெட் இருக்கக் கூடாதுன்னா கூடாதுதான். சீல் வச்சது வச்சதுதான்.”

“ஷெட் போனா போகுது சார். ஒரு காரை மட்டும் முடிச்சுக் குடுத்துடறேன். பிரேக்கைக் கழட்டிப் போட்டிருக்கேன்.”

“அதான் வண்டியைத் தெருவுல தள்ளி விட்டாச்சே.”

“ஸ்டியரிங் திரும்பணும்னு சாவியைப் போட்டுத்தான் உங்க ஆளுங்க தள்ளினாங்க. அதை எடுக்கறதுக்குள்ள என்னை ஜீப்புல ஏத்திட்டீங்க. காரை விட்டுட்டுப் போன அம்மாவோட போன் நம்பரும் பூட்டின ஷெட்டுக்குள்ள கிடக்கு. தெரியாம அவங்க வந்து எடுத்துட்டா என்ன சார் ஆகும்?”

“எடுத்தா அது அவங்க தலையெழுத்து. நீ கையெழுத்தைப் போடு.”

அதிகாரி அலுப்போடு பேனாவை நீட்டினார். மேசைமேல் அவருடைய செல்போன் அதிர்ந்தது. மனைவி.

“ஏங்க, காலையில நம்ம காரை சர்வீசுக்கு விட்டேன்ல? இப்பப் போனா, எந்தப் புண்ணியவானோ அந்த ஷெட்டுக்கு சீல் வச்சிருக்கான். வண்டி தெருவுல அநாதையா நிக்குது. நல்லவேளை, சாவி அதுலயே இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன். ரோடு காலியா இருந்துச்சு, இப்ப மேம்பாலத்துல இறங்கிட்டிருக்கேன், ஆபீஸ் வாசலுக்கு வாங்க. சர்வீஸ் பண்ணினதுல வண்டி சும்மா வழுக்கிட்டுப் போகுதுங்க.”